பிஸ்கட் மாவு டப்பா வாங்கப் போனவள்

1

என் மகள் யாழினியைக் கொல்லிமலையில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. இரண்டு வாரத்தில் கூட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன்.

இங்கே அமெரிக்காவில் இப்போது சனிக்கிழமை காலை ஏழரை மணி. ஓவனைச் சூடேற்ற வைத்துவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து பிஸ்கட் மாவு டப்பாவை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு அக்கா கூப்பிடுவாள். அங்கே அப்போது மாலை ஆறரை.

பிஸ்கட் மாவு டப்பாவைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பிஸ்கட் என்றால் டீயில் தொட்டுத் தின்பது. இங்கே அது மெத்தென்ற சின்ன ரொட்டி, ஏறக்குறைய பன் மாதிரி. அதற்கான மாவைப் பிசைந்து, வட்டம் வட்டமாக வெட்டி, அட்டைக் குழாயில் அடைத்து, பால் தயிர் விற்கும் குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். ஒரு டப்பாவுக்கு எட்டு. செய்முறை நாங்கள் இருவரும் சேர்ந்து உண்டாக்கியது:

அ. மேலே சுற்றிய தாளை உரிப்பது. (நான்)
ஆ. அட்டை ஒட்டியிருக்கும் இடத்தில் கரண்டியால் அழுத்துவது. டப்பா 'டப்' என்று வெடிக்கும். (யாழினி, கண்ணை மூடிக்கொண்டு)
இ. எட்டு வட்டங்களையும் தட்டையாக்கி நடுவில் கட்டைவிரலால் குழி செய்வது. (யாழினி)
ஈ. குழியில் வாழைப்பழத் துண்டு, பழுப்புச் சர்க்கரை, கொஞ்சம் பட்டைப்பொடி. வெந்ததும் தேன். (தேன் ஊற்றுவதில் சண்டை)

பதிமூன்று நிமிடத்தில் வீடு முழுக்க வாசம் வந்துவிடும். அவளுக்கு இரண்டு வயதானதிலிருந்து இரண்டரை வருடம் ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. இப்போது நான்கு வேலையையும் நானே செய்கிறேன். சுட்டதைத் திங்கட்கிழமை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். உடன் வேலை செய்பவர்கள் என்னை மகிழ்ச்சியானவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2

யாழினி பிறந்தது ஒரு கொண்டை ஊசி வளைவில்.

எங்கள் ஊர் திண்ணனூர் நாட்டில் இருக்கிறது. அம்மா இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நாள் குறித்ததற்கு ஒன்பது நாள் முன்பே வலி எடுத்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், மிளகு ஏற்றிப்போகும் ஜீப்பைக் கூட்டி வந்து அதில் என்னைப் படுக்க வைத்தார். நாமக்கல் போக எழுபது வளைவு இறங்க வேண்டும். நாற்பத்து நான்காவது வளைவுப் பலகையை நான் பார்த்தேன். நாற்பத்து மூன்றைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் வந்துவிட்டாள். தொப்புள்கொடியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் அங்கேயே பிறந்ததாகப் பதிந்து ஒரு சான்று கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் பாஸ்போர்ட் எடுத்தோம். அது தெரியாத மாமா, பதியாமல் விட்டால் பிள்ளைக்குப் பின்னால் தொந்தரவு வரும் என்று ஊரிலும் போய்ச் சொல்லி, ஊரில் பிறந்ததாக இன்னொரு சான்று வாங்கி, கண்ணாடித்தாள் ஒட்டிப் பெட்டியில் வைத்திருந்தார். மலையில் அப்படிச் செய்யும் மனிதர்கள்தான் பொறுப்பானவர்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

போன வருடம் விசா புதுப்பிக்க மூவரும் ஊருக்குப் போனோம். எடுத்து வைக்க வேண்டியவை என்று நாற்பத்தோரு பொருள் கொண்ட ஒரு பட்டியல் போட்டிருந்தேன். அதில் பதினேழாவது, பிறப்புச் சான்று. அதை இங்கே மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டேன். விசா அலுவலகத்துக்குப் புறப்படும் காலையில் அது தெரிந்து நான் கைகால் பதறி நின்றபோது, மாமா தன் பெட்டியைத் திறந்தார்.

"இதுக்குப் போயி ஏம் புள்ள இப்படி நடுங்கற? நாஞ் செரியா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறேன் பாரு."

பெயர் பார்த்தேன், தேதி பார்த்தேன். பிறந்த இடத்தைப் பார்க்கவில்லை. பதினேழுக்கு எதிரே டிக் போட்டேன்.

எனக்கும் என் கணவர் சரவணனுக்கும் விசா வந்தது. யாழினியின் பாஸ்போர்ட்டில் ஓர் ஊர், சான்றில் வேறு ஊர். அவளுடைய மனு கூடுதல் விசாரணைக்குப் போனது.

3

அந்தப் பயணத்தில் மூன்று பிஸ்கட் டப்பாக்களை மலைக்குக் கொண்டுபோனது என் யோசனை. அவள் வேறு எதையும் தின்ன மாட்டாள் என்ற பயம். உறைந்த ஐஸ் பைகளுக்கு நடுவில், இரண்டு துண்டு சுற்றி, பெட்டியில் வைத்தேன். விமானத்தில் தாங்கின. திருச்சியில் இறங்கிக் கார் ஏறியபோதும் குளிர்ந்துதான் இருந்தன. காரவள்ளி தாண்டி மலையேறும்போது ஐஸ் உருகிவிட்டது.

என் வேலை மருந்துக் குப்பிகளின் மூடி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சோதிப்பது. மாவு சூடானால் உப்பும், உயரம் கூடினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், இரண்டும் சேர்ந்தால் அட்டை பிளக்கும். இதை எழுதிக் காட்டச் சொன்னால் வாய்பாடோடு எழுதியிருப்பேன். இருபதாம் வளைவு வரும்வரை எனக்குத் தோன்றவில்லை.

முதல் 'டப்'புக்கு ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். "ஏனுங்க, டயரு போயிருச்சுங்களா?"

இரண்டாவதற்கு, எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த மாமா இறங்கிப் பின்கதவைத் திறந்தார். பெட்டியின் ஜிப் பற்களுக்கு இடையே மாவு வெள்ளையாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. "இதென்ன சாமி, பொட்டிக்குள்ள வெடி வெச்சுக் கொண்டாந்திருக்கற?"

யாழினி மட்டும் ஆங்கிலத்தில் அழுதாள். அந்த மலைப்பாதையில் அவள் அழுகை யாருக்கும் புரியாமல் அவ்வளவு சத்தமாகக் கேட்டது.

மூன்றாவது டப்பாவில் மிச்சம் இருந்த மாவை மறுநாள் அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, "தோச மாவே ரெண்டு நாளு தாங்குது, இது தாங்காதாக்கும்?" என்று தோசைக்கல்லில் தட்டி, மூடி போட்டு வேகவைத்தாள். மேலே மலைவாழைப்பழமும் தேனும். அடி கருகி, உள்ளே வேகாமல் வந்தது. யாழினி வாயில் வைத்துத் துப்பினாள். "உன்ற மக என்ற சமையலத் துப்பீட்டா. இவளக் கட்டிக் குடுக்கற ஊட்டுல என்ன பாடு படப்போறாளோ" என்று அக்கா சிரித்தாள்.

அதற்கப்புறம் பதினோரு நாள் அவள் அந்த டப்பாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

4

என் விடுப்பு முடிந்தது. வேலை செய்யும் விசா என்னுடையது; சரவணன் அதைச் சார்ந்து வந்து இங்கே படிப்பவர். குறித்த நாளில் நான் ஆய்வகத்தில் இல்லாவிட்டால் மூவருக்குமே இங்கே இடமில்லை. விசாரணை இரண்டு வாரத்தில் முடியும் என்றார்கள். நாங்கள் இருவரும் அவளை விட்டுவிட்டுப் போவது என்று முடிவானது.

கிளம்பும் காலையில் யாழினி சீக்கிரம் எழுந்துவிட்டாள். வாசலில் பெட்டியைப் பார்த்துவிட்டு என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா என்னைத் தனியே இழுத்தாள்.

"அழுவ உடாதடி. கடைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டுக் கெளம்பு."

"பொய் சொல்றதாக்கா?"

"நம்மளையெல்லாம் எப்புடி உட்டுட்டுப் போனாங்களாம்? செத்த நேரத்துல மறந்துரும்."

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் காட்டுக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பிள்ளையிடம் சொல்வது ஒன்றே: கடைக்குப் போகிறேன். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் திரும்பி வரும்போது ஒரு மிட்டாயை நீட்டினால் அந்தப் பொய் மெய்யாகிவிடும். மாலைக்குள் திரும்புகிறவர்களுக்காக உண்டான வழக்கம் அது. அதை யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. நான் யோசிக்கவில்லை.

குனிந்து, "அம்மா கடைக்குப் போயிட்டு வரட்டுமா?" என்றேன்.

"எந்தக் கடை?"

"பிஸ்கட் டப்பாக் கடை."

சேலையை விட்டுவிட்டாள். இரண்டு விரலைக் காட்டினாள். ரெண்டு வாங்கிக்கொண்டு வா என்று அர்த்தம். ஜீப் திரும்பும்வரை அந்த இரண்டு விரலும் நின்றபடியே இருந்தன.

5

இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. விசா அலுவலகம் முதலில் கேட்டது, இந்தக் குழந்தை உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம். மரபணுச் சோதனைக்கு நான் இங்கே ஓர் ஆய்வகத்தில் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சு தடவிக் கொடுத்தேன். அக்கா அவளைச் சென்னைக்கு அழைத்துப்போய்க் கொடுத்தாள். நான்தான் தாய் என்று முத்திரையோடு காகிதம் வந்தது. அடுத்து, இரண்டு பிறப்புச் சான்றில் ஒன்றை ரத்துசெய்து ஆணை வாங்கி வரச் சொன்னார்கள்.

அதற்கு மாமா நடந்தார். அவர் போன ஓர் அலுவலகத்தில் நடந்ததை அவரே போனில் சொன்னார்.

"எந்த எடத்துல பொறந்துச்சுன்னு கேட்டாருங்க அந்தக் கிளார்க்கு. நாப்பத்தி மூணாவது வளைவுக்கும் நாப்பத்தி நாலாவது வளைவுக்கும் நடுவுலைன்னேன். பேனாவக் கீழ வெச்சுப்போட்டாரு. 'அப்ப ரெண்டு சான்றுமே தப்புங்களே'ங்கறாரு. 'ஆமாங்க, தப்புத்தான், ஒண்ணையாவது அடிச்சு உடுங்க'ன்னேன். 'அந்த ரோடு யாரு எல்லைல வருது?'ன்னாரு. ரெண்டு பக்கமும் காடுங்க. அங்க பொறந்த ஒரே ஆளு நம்ம புள்ளதான்."

"அப்புறம் மாமா?"

"அப்பறமென்ன, கொரங்கு நெறையாப் பொறந்திருக்கும், அதுக்கெல்லாம் சான்று கேக்கறதில்லைன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். கோவிச்சுக்கிட்டாரு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கோப்பு அங்கேயே நின்றது. மேலே உள்ளவர்கள் இதைக் கீழே உள்ளவர்கள் ரத்துசெய்ய வேண்டும் என்றார்கள். கீழே உள்ளவர்கள் மேலே என்றார்கள். மலையைப் பொறுத்தவரை இந்தச் சொற்கள் துல்லியமானவை. மாமா ஒவ்வொரு முறையும் எழுபது வளைவு இறங்கி, எழுபது வளைவு ஏறினார்.

6

"நீயே திரும்பிப் போயிடலாமே" என்று படிக்கிற நீங்கள் கேட்பீர்கள். தெரிந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். நானும் காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். நான் வேலையை விட்டால் சரவணனின் படிப்பு பாதியில் நிற்கும். ஒருமுறை விட்டால் திரும்ப நுழைய வழியில்லை. என் படிப்புக்கு மலையில் வேலை இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி. ஆறாவது காரணத்துக்கு வந்தபோது, எழுதுகிற வேகத்தைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. தாளைக் கிழித்துவிட்டேன்.

பத்து நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஐந்தாம் மாதம் டிக்கெட் பார்த்தேன். அக்காதான் வேண்டாம் என்றாள்.

"வந்தா கூட்டிட்டுப் போறாப்புல வா கண்ணு. வந்து பாத்துப்போட்டு மறுக்கா உட்டுட்டுப் போனீன்னா புள்ள தாங்காது. ரெண்டாவது தடவ என்ன கடைன்னு சொல்லுவ?"

முதல் மூன்று மாதம் முழுக்க யாழினி மாலை பஸ் வரும் நேரத்துக்குச் சாலைக்குப் போய் நிற்பாளாம். இறங்குகிறவர்களின் கைப்பைகளைப் பார்ப்பாளாம். மற்றப் பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள்: "உங்கம்மா எந்தக் கடைக்குப் போனா? செம்மேட்டுக் கடைக்கா? எங்கம்மா காத்தால போயி மத்தியானமே வந்துருச்சே." அவள் பதிலுக்குக் கல்லெறிந்திருக்கிறாள். அக்கா இதைச் சொன்னபோது யாழினியின் நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது, அவர்களும் எறிந்திருந்தார்கள்.

நான்காம் மாதம் சாலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். என்னிடம் டப்பாவைக் கேட்பதையும் நிறுத்தினாள். அதை நல்ல அறிகுறி என்று சரவணன் சொன்னார். ஆங்கிலம் ஆறாம் மாதம் போனது. இங்கே இருக்கும் நம்மவர்கள் பிள்ளைகள் தமிழ் மறப்பதைப் பற்றிக் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டங்களுக்கு நான் இப்போது போவதில்லை. என் மகள் "ஊட்டுக்குள்ள பூன வந்துருச்சு, தொரத்தீட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டு ஓடுகிறாள். அதைவிட நல்ல தமிழை எங்கே கேட்பது?

மரபணுக் காகிதம் வந்த அதே வாரம், சனிக்கிழமை. பேசிக்கொண்டிருந்தவள் பின்னால் திரும்பி, "அம்மா, இந்தப் போனு சூடாகுது, நீ புடி" என்றாள். அக்காவைத்தான் சொன்னாள். அக்கா முகம் திரையில் வந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாஞ் சொல்லிக் குடுக்கலடி சாமி. பக்கத்து ஊட்டுப் புள்ளைக அம்மாங்கறதப் பாத்துட்டு அதுவே கூப்படுது. வேண்டாம்னா அதட்டட்டுமா?"

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடம். "இருக்கட்டும்க்கா" என்றேன். அன்று சுட்ட எட்டும் ஓவனிலேயே கருகிவிட்டன.

7

இந்த வாரம் விசா அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கேட்ட ஆணை உரிய காலத்தில் வராததால் மனு முடித்துவைக்கப்படுகிறது. சான்றைச் சரிசெய்த பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம். மூன்றே வரி. சரவணன் இரண்டு முறை படித்துவிட்டு, "புதுசாப் போட்டுப் பாக்கலாம்" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. பிறகு, மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்து, "இத ஏன் இன்னும் வாங்கற?" என்று கேட்டார். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இதுவரை எட்டு மணிக்கு முன் எழுதியது. இனி எழுதுவது அழைப்பு முடிந்த பிறகு.

அக்கா சாலையோரத்திலிருந்து கூப்பிட்டாள். வீட்டில் சிக்னல் வராது. யாழினி வந்து நின்றாள். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. தட்டைக் கேமரா அருகே கொண்டுபோனேன். தேன் அப்போதுதான் ஊற்றியிருந்தேன், இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"இது என்னன்னு தெரியுதா?"

உற்றுப் பார்த்தாள். "பன்னுங்களா?"

"பிஸ்கட். நாம செய்வோமில்ல, சனிக்கிழமை? டப்பாவ நீதான் வெடிக்க வைப்ப."

"அப்படிங்களா" என்றாள். பெரியவர்கள் பேசும்போது நடுவில் மரியாதைக்குச் சொல்வார்களே, அந்த மாதிரி. "நாங்க இன்னைக்குப் பலாப்பழம் அறுத்தமுங்க. பெரிய பழம். எங்கம்மா கையெல்லாம் பிசினு." அதற்குள் யாரோ கூப்பிட, திரையை விட்டு ஓடிவிட்டாள்.

அக்கா போனை வாங்கினாள். "பள்ளிக்கூடத்துல பேரு சேக்கற நாளு முடியுது. அஞ்சு வயசு ஆயிருச்சில்ல. மெயிலு வந்துருமேன்னு நானுந் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். வந்துச்சா கண்ணு?"

"வந்துச்சு."

"என்ன சொல்றாங்க?"

"மறுபடியும் மொதல்ல இருந்தாம்."

அக்கா முகத்தைத் திரையிலிருந்து விலக்கிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்ததா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. பிறகு அவள், "இரு, வாத்தியாரு இங்கதான் பஸ்ஸுக்கு நிக்கறாரு. ஒரு வார்த்த பேசிரு" என்று போனை நீட்டினாள்.

ஊர்த் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் கீழ்நாட்டுக்காரர். வாரம் முழுக்க மலையில் தங்கி, சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர். தோளில் பையோடு திரையில் வந்தார்.

"வணக்கமுங்கம்மா. புள்ள நல்ல சூட்டிகைங்க. ஒண்ணாவதுல போட்டுக்கலாமுங்க. உங்கக்காவக் காப்பாளர்னு போட்டு உங்க சம்மதக் கடுதாசி ஒண்ணு அனுப்பீருங்க, போதும்." பையைத் தோள் மாற்றினார். "ஆனா ஒண்ணு கேட்டுக்கோணுமுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பள்ளிக்கூடத்துல புள்ளைக எண்ணிக்க கம்மிங்க. இதுல ஒண்ணு கொறஞ்சாலும் எங்க ரெண்டு பேருல ஒரு வாத்தியாருக்கு எடம் போயிருமுங்க. போன வருசம் ஒரு புள்ளையச் சேத்தி, நாலாம் மாசமே திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதனால மொதல்லயே கேட்டுப்போடறது. நடுவுல கூட்டிட்டுப் போறாப்புல இருந்தா இப்பவே சொல்லீருங்க. அஞ்சாவது வரைக்கும் புள்ள இங்க இருக்குமுங்களா?"

அவருக்குப் பின்னால் பஸ்ஸின் விளக்கு வளைவில் தெரிந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார். பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, திரையைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தாள்.

"இருக்குமுங்க" என்றேன்.